சீனன்குடாவில் இருந்து வந்த கைமணிக்கூடு



சென்ற மாதம் நமது வானொலியில் நான் பேசிய வரலாற்றுப் பேச்சை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விடயங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் மணிக்கூட்டின் முழு இலக்கத்தையும் தரவில்லை.

2011ஆம் ஆண்டு மார்கழி மாதம். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, தொலைபேசி அடித்தது. வுப்பர்டாலின் பார்மன் பகுதியில் இருக்கும் நண்பர் ஒருவர். “அண்ணை, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தரவேணும்” என்றார்.

கடிதம் எழுதுவது எனக்குப் புதிது இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நகரத்தில் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. விதானையார் கடிதம், எம்.பி. கடிதம், கோவில் ஐயர் கொடுத்த கடிதம் என்று நாங்கள் எல்லோரும் கடிதங்களால் வந்த சனம்தானே. ஆனால் நண்பர் கேட்டது வழக்குக் கடிதம் இல்லை. அது ஒரு கைமணிக்கூட்டுக்கான கடிதம்.

அவருடைய தகப்பனார் திருகோணமலையில் கட்டியிருந்த மணிக்கூடு அது. 1985ஆம் ஆண்டின் முற்பகுதியில், எங்களில் பலரைப் போல, நண்பரும் கிழக்கு பேர்லினின் சோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கித்தான் மேற்கே வந்தார். புறப்படும்போது தகப்பனார் தன் கையில் இருந்ததைக் கழற்றி மகனின் கையில் கட்டிவிட்டாராம். அதற்கு ஒரு கதையும் இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட்டபோது ஒரு வெள்ளைக்கார விமான அதிகாரியைத் தகப்பனார் பதுங்குகுழிக்குள் இழுத்துக் காப்பாற்றினாராம். அதற்கு நன்றியாக அந்த அதிகாரி கொடுத்தது இந்த மணிக்கூடு. இந்தக் கதையை நானே இரண்டு பிறந்தநாள் விழாக்களில் கேட்டிருக்கிறேன்.

டுசில்டோர்ப்பில் பழைய இராணுவ மணிக்கூடுகள் சேகரிக்கும் ஒருவர் இதை வாங்க முன்வந்திருந்தார். அந்த 1942 கதையை எழுதி, கையொப்பம் வைத்து, மணிக்கூட்டோடு சேர்த்துக் கொடுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தருவதாகச் சொல்லியிருந்தார். நண்பரின் மகனுக்கு ஆகனில் படிக்க இடம் கிடைத்திருந்தது. அறை வாடகைக்கு முற்பணம் கட்டவேண்டும். நியாயமான தேவைதான்.

“எழுதலாம். ஆனால் முதல் சாமானைப் பார்க்கவேணும்” என்றேன். இருபத்துநான்கு வருடம் கருவித் தொழிற்சாலையில் அளவு பார்த்த பழக்கம் அப்படி!

ஞாயிற்றுக்கிழமை போனேன். மேசையில் ஒரு கைலேஞ்சியில் சுற்றி வைத்திருந்தார்கள். உருக்கு உறை, கறுப்பு முகம். முகத்துக்குள் இரண்டு சின்ன வட்டங்கள். இடப்பக்க வட்டத்தில் ஒரு சிறிய நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்க வட்டம் முப்பது நிமிடம் வரை எண்ணும். நடுவில் இருக்கும் நீண்ட நொடிமுள் சும்மா பன்னிரண்டில் நிற்கும். சாவி கொடுக்கும் குமிழுக்கு மேலே ஒரு பொத்தான். அதை ஒருமுறை அமுக்கினால் நீண்ட முள் ஓடும். இரண்டாம் முறை அமுக்கினால் நிற்கும். மூன்றாம் முறை திரும்பிப் பன்னிரண்டுக்கே ஓடிவிடும். நேரம் காட்டும் மணிக்கூடும் ஓட்டப்பந்தயத்தில் பாவிக்கும் நிறுத்துமணியும் ஒன்றாகச் சேர்ந்த இப்படியான கருவியைத்தான் குறோனோகிராப் என்கிறார்கள்.

விமானத்தில் இதற்கு என்ன வேலை? இருட்டில், கடலுக்கு மேலே, கீழே அடையாளம் ஒன்றும் இல்லாமல் பறக்கும்போது வழிகாட்டியிடம் இருப்பது வேகமும் திசையும் நேரமும்தான். 180 நொட் வேகத்தில் போகும் விமானம் ஒரு நிமிடத்தில் மூன்று கடல் மைல் கடக்கும். பத்து நொடி பிழைத்தால் அரைக் கடல் மைல் பிழைக்கும். அதனால்தான் விமானப்படைகள் இந்தக் கருவிக்குப் பணத்தைக் கொட்டின.

முகத்தில் ‘லெமானியா’ என்று இருந்தது. இது சுவிஸ் பெயர். யூரா மலைப்பக்கத்தில் வலே-து-ஜூ என்ற பள்ளத்தாக்கில், லோரியான் என்ற ஊரில், அல்பிரெட் லுக்ரின் என்பவர் 1884இல் தொடங்கிய பட்டறையில் இருந்து வளர்ந்த நிறுவனம். 1932இல் ஒமேகாவும் டிசோவும் இருந்த கூட்டு நிறுவனத்தில் சேர்ந்தது. 1969இல் சந்திரனில் இறங்கியவர்களுக்குக் கொடுத்த ஒமேகா மணிக்கூட்டின் உள்ளே ஓடியதும் லெமானியா வடிவமைப்பில் இருந்து வந்த இயந்திரம்தான். ஆக, செய்த இடம் சுவிஸ். அதில் பிரச்சினை இல்லை.

பின்மூடியைத் திருப்பினேன். நடுவில் ஓர் அம்புத்தலை, கோழிக்கால் போல மூன்று கோடு. அதன் கீழே ‘6பி’, ஒரு சாய்கோடு, ஓர் இலக்கம். அதற்கும் கீழே வேறொரு தொடர் இலக்கம், மறுபடி சாய்கோடு, பிறகு 56.

கோழிக்கால் எனக்குத் தெரிந்ததுதான். பிரித்தானிய அரசின் சொத்து என்பதற்கான முத்திரை அது. பதினேழாம் நூற்றாண்டில் இருந்தே பீரங்கி, துப்பாக்கி, கயிறு, பீப்பா என்று எல்லாவற்றிலும் குத்தினார்கள். அமெரிக்கா அவர்களுடைய கையில் இருந்த காலத்தில், கடற்படைக் கப்பலின் பாய்மரத்துக்கு என்று ஒதுக்கிய உயரமான மரங்களில் கோடரியால் இதைக் கொத்தி வைத்தார்கள். சிறைக்கைதிகளின் உடுப்பில்கூட இந்த அம்பு இருந்தது.

இதைச் சொன்னதும் நண்பரின் முகம் மாறியது. “அரசாங்கச் சொத்து எண்டால்... அப்ப அந்த அதிகாரிக்கு அதைக் குடுக்க உரிமை இல்லையே? அப்பா களவெடுத்தது எண்டு வரப்போகுதோ?” என்றார். பக்கத்தில் நின்ற மகன் ஒன்றும் பேசவில்லை. அறை வாடகையை விட்டுவிட்டு வேறொரு விடயத்துக்குள் நாங்கள் போய்விட்டோம் என்று எனக்கு விளங்கியது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இராணுவ மணிக்கூடு ஒன்றின் பூர்வீகத்தைத் தேடும்போது, செய்தது யார், சொந்தக்காரர் யார், கட்டியிருந்தது யார் என்ற மூன்று கேள்வியையும் குழப்பக்கூடாது. முகத்தில் இருக்கும் பெயர் முதற்கேள்விக்கு மட்டும்தான் பதில். பின்மூடி இரண்டாவதற்குப் பதில் சொல்லும். மூன்றாவதற்கு உலோகத்தில் பதில் இராது. நானும் முதலில் குழம்பினேன். எல்பர்பெல்டின் போஸ்ட் தெருவில் அபெலர் குடும்பத்தார் ஒரு மணிக்கூட்டு அருங்காட்சியகம் நடத்தினார்கள். வெளியே சுவரில் மணிகள் பாட்டிசைக்கும், பிள்ளைகளோடு நின்று பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குடும்பத்தின் யூர்கன் அபெலர் 1977இல் ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளின் மணிக்கூட்டுக் கைவினைஞர் 14,000 பேருக்கு மேல் திரட்டி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். அந்த அருங்காட்சியகத்தில் அரை நாள் சுற்றினேன். சூரியக் கடிகாரமும் நீர்க்கடிகாரமும் பார்த்துச் சந்தோசமாகத் திரும்பினேன். நம்முடைய கேள்விக்கு அங்கே பதில் இல்லை, ஏனென்றால் நான் செய்தவரைத் தேடி அங்கே போயிருந்தேன். தேடவேண்டியது சொந்தக்காரரை.

நூலகத்தில் ஆங்கில நூல்களை எடுத்துப் பார்த்தபோதுதான் ‘6பி’ திறந்தது. பிரித்தானிய விமானப்படையின் பண்டகசாலைப் பட்டியலில் விமான வழிகாட்டும் கருவிகளுக்கு உரிய பிரிவு அது. கடற்படையின் பழைய மணிக்கூடுகளில் ‘எச்.எஸ்.’ என்று, அதாவது நீரியல் சேவை என்று இருக்கும். பிற்காலத்தில் கடற்படைக்கு 0552, தரைப்படைக்கு ‘டபிள்யூ 10’ என்று வந்தது. ஆகவே இது விமானப்படையின் சாமான். திருகோணமலையில் விமானப்படை இருந்த இடம் சீனன்குடா. நண்பரின் தகப்பனார் வேலை செய்ததும் சீனன்குடாவில்தான். இதுவரைக்கும் கதை நன்றாகவே பொருந்தியது.

இந்த இலக்கங்களை வாசிக்கத் தெரிந்தால் ஜேர்மனியில் இருக்கும் நமக்கு வேறு பயனும் உண்டு. அந்த ஆண்டுகளில் செப்டெம்பர் கடைசி ஞாயிறு வோவிங்கலில் தொங்கு ரயிலுக்குக் கீழே பழைய சாமான் சந்தை கூடுமே, அங்கே ‘போர்க்கால மணிக்கூடு’ என்று விற்ற பலவற்றின் பின்னால் 6645-12 என்று தொடங்கும் இலக்கத்தைப் பார்த்திருக்கிறேன். நேட்டோ நாடுகளின் பொதுப் பட்டியலில் 6645 என்றால் நேரம் அளக்கும் கருவி. 12 என்றால் மேற்கு ஜேர்மனி, 99 என்றால் பிரித்தானியா. மேற்கு ஜேர்மனி நேட்டோவில் சேர்ந்ததே 1955இல். அப்படி இருக்க அது எப்படி ஹிட்லர் காலத்து மணிக்கூடாகும்? அதேபோல் முகத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ‘3எச்’ என்று போட்ட ஹொயர் குறோனோகிராப் அறுபதுகளின் பிற்பகுதியில் இருந்து ஜேர்மன் இராணுவத்துக்கு வந்தது. அந்தக் குறி இருட்டில் ஒளிர்வதற்குப் பூசிய திரித்தியத்தைக் குறிக்கும். விற்பவர் சொல்லும் கதையை விட இலக்கத்தை நம்புங்கள்.

இதை நேயர்களுக்குச் சொல்கிறேனே தவிர, எனக்கே அந்த 56 உறைக்க ஒரு கிழமை எடுத்தது. ஐ.டபிள்யூ.சி. நிறுவனமும் ஜெகர்-லெகூல்த்தும் விமானிகளுக்குச் செய்த மார்க் 11 என்ற மணிக்கூட்டின் இலக்கம் 6பி/346. அதன் கீழே தொடர் இலக்கம், சாய்கோடு, 48 அல்லது 49 என்று வரும். ஒமேகா செய்த 6பி/542இல் சாய்கோட்டுக்குப் பின்னால் 53. அவற்றின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரவு பதினொரு மணி இருக்கும். எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அந்தக் கடைசி இரண்டு இலக்கமும் ஆண்டு.

நண்பர் அதை இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். 1956ஆம் ஆண்டின் மணிக்கூட்டை 1942இல் எவரும் எவருக்கும் கொடுத்திருக்க முடியாது.

சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “மூடி மாறியிருக்கலாம் அண்ணை. பழுது பார்க்கேக்க வேற மூடி போட்டிருப்பாங்கள்” என்றார். இது நல்ல கேள்வி. உண்மையில் அப்படி மாறிய மணிக்கூடுகள் சந்தையில் ஏராளம். அதனால் திறந்து பார்க்க முடிவு செய்தோம்.

எல்பர்பெல்டில் ஓய்வுபெற்ற மணிக்கூடு திருத்துநர் ஒருவரைத் தெரியும். எழுபத்தைந்து வயதிருக்கும், பார்மனில் பிறந்தவர். வீட்டு அறையிலேயே ஒரு சின்ன மேசை வைத்திருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணிக்கூட்டைத் திருப்பினார். திருப்பியவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “இந்த அம்பை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டின் மேலே பறந்தவர்களின் கையில் இருந்த அம்பு” என்றார்.

1943 மே 29ஆம் திகதி இரவு பார்மனுக்கு 719 பிரித்தானிய விமானங்கள் வந்தன. இங்கிலாந்தில் இருந்து வானொலி அலை அனுப்பி வழிநடத்தும் ‘ஓபோ’ என்ற முறையால் முன்னே வந்த மொஸ்கிற்றோ விமானங்கள் இலக்குக்கு அடையாளத் தீப்பந்தம் போட்டன. பின்னால் வந்தவை அந்த வெளிச்சத்தில் கொட்டின. நொடிக்கணக்கில் திட்டமிட்ட வேலை. ஒரே இரவில் ஏறத்தாழ 3,400 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் 24ஆம் திகதி இரவு எல்பர்பெல்டுக்கு வந்தார்கள். அப்போது இவருக்கு ஏழு வயது. நிலவறைக்குள் ஈரப் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தாராம். நாங்கள் குடியிருக்கும் தெருக்களைப் பற்றித்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நண்பர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நமக்கும் நிலவறை இல்லாவிட்டாலும் பதுங்குகுழி தெரியும்தானே.

பிறகு அவர் மறுபடி கண்ணாடியை மாட்டினார். சாய்கோட்டைப் பார்த்தார். “ஐம்பத்தாறு” என்று வாசித்தார். “அப்படியானால் இது அவர்களுடையது இல்லை” என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவர் ஒரு தொழிலாளி.

மூடியின் உட்பக்கத்தில் இருந்த உறை இலக்கத்தின் கடைசி மூன்றும் உறையின் உள்ளே குத்தியிருந்த மூன்றும் ஒன்று. ஆகவே மூடி மாறவில்லை. மூடியின் உள்ளே ஊசியால் கீறிய இரண்டு அடையாளங்கள் இருந்தன. திருத்துபவர்கள் தங்கள் வசதிக்காக வைக்கும் குறிப்பு என்றார். ஒன்று விளங்கவில்லை. மற்றது 4-62 என்று தெளிவாக இருந்தது.

முகத்தையும் அவர் கவனமாகப் பார்த்தார். “இங்கே ‘டி’ எழுத்து இல்லை, கவனித்தீர்களா?” என்று கேட்டார். ஐம்பதுகளில் இருட்டில் ஒளிர்வதற்கு றேடியம் பூசினார்கள். அது ஆபத்து என்று விளங்கிய பிறகு, அறுபதுகளின் தொடக்கத்தில் இருந்து, பிரித்தானியப் படை பாவனையில் இருந்த மணிக்கூடுகளுக்குத் திரித்தியம் பூசிய முகம் மாற்றியது. அதில் ஒரு வட்டத்துக்குள் ‘டி’ எழுத்து இருக்கும். நம்முடையதில் வட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை. பழைய றேடியம், பழுப்பு நிறத்தில், அப்படியே இருந்தது. (வீட்டில் இப்படியான பழைய மணிக்கூடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து நீங்களாகத் திறக்காதீர்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். வெளிச்சம் செத்துவிட்டாலும் றேடியம் சாகவில்லை. அது பாதியாகக் குறையவே 1,600 வருடம் வேண்டும்.)

ஆக, முகம் மாற்றும் காலம் வருவதற்கு முன்பே இந்த மணிக்கூடு படையின் கையை விட்டுப் போய்விட்டது. 1956க்குப் பிறகு, அறுபதுகளின் தொடக்கத்துக்கு முன். இடம் சீனன்குடா என்றால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். ஏன் என்று சொல்கிறேன்.

1948இல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தபோதும் பிரித்தானியா தளங்களை விட்டுப் போகவில்லை. 1947 நவம்பரில் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையின்படி திருகோணமலையில் கடற்படையும் சீனன்குடாவிலும் கட்டுநாயக்காவிலும் விமானப்படையும் தொடர்ந்து இருந்தன. திருகோணமலைச் சனத்தில் பாதிப்பேருக்கு அதுதான் சோறு. 1956 ஏப்ரலில் பண்டாரநாயக்கா பதவிக்கு வந்தார். யூன் மாதம் தனிச்சிங்களச் சட்டம். அதே கையோடு தளங்களையும் திருப்பிக் கேட்டார். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத்தளமும் நவம்பர் 1ஆம் திகதி கட்டுநாயக்கா விமானத்தளமும் கைமாறின. சீனன்குடாவிலும் பிரித்தானியக் கொடி அந்தக் காலத்தோடு இறங்கியது. வெள்ளைக்காரனின் கொடி இறங்கியதில் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கொடியின் கீழே கூலிக்கு நின்றவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை.

அந்த ஒரு வரி இதுதான்: கடற்படைத்தளம் மூடியதால் 400க்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் வேலை இழந்தார்கள். அவர்களைப் பொலநறுவைப் பக்கம் குடியேற்ற அரசாங்கம் யோசித்தது. அந்தப் பகுதிச் சிங்களவர்கள் ஆத்திரமடைந்து கும்பல் சேர்ந்தார்கள். 1958 மே 22ஆம் திகதி பொலநறுவை ரயில் நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் மீது தாக்குதல் தொடங்கியது. அதற்குப் பிறகு நடந்ததை நமது பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தளம் மூடியதால் வேலை இழந்த கூலிகளின் பிரச்சினை அந்தக் கலவரத்தின் திரிகளில் ஒன்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? இந்த மணிக்கூடு என் மேசைக்கு வரும்வரை நான் அறிந்திருக்கவில்லை.

ஆகவே 1942ஐக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 1956இற்கும் 1957இற்கும் இடைப்பட்ட காலம். கடிதம் எழுத முடியாது என்று நண்பரிடம் சொன்னேன். 1956இல் வெளியான, சீனன்குடாவோடு தொடர்புள்ள மணிக்கூடு என்று எழுதித் தருகிறேன், அதற்கும் மதிப்பு உண்டு என்றேன். அவர் கோபித்துக்கொண்டார். “அப்பா பொய் சொன்னவர் எண்டு நீங்கள் ஆங்கிலத்தில எழுதப் போறியளோ?” என்று கேட்டார். சேகரிப்பாளரும் கதை இல்லாமல் வாங்க அவ்வளவு ஆசைப்படவில்லை. இரண்டு மாதம் நண்பர் என்னோடு கதைக்கவில்லை. மகன் ஒரு வெதுப்பகத்தில் காலை வேலைக்குப் போய் வாடகை கட்டினான்.

மாசி மாதக் கடைசியில் நண்பரின் தாயார் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். 1996இல் இங்கே வந்தவர். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கணவர் ஊரிலேயே போய்விட்டார். போனபோது பேரன் மட்டும் வீட்டில் நின்றான். தேத்தண்ணி வைத்துக் கொடுத்தான்.

“என்ன தம்பி, அந்தாளின்ர மணிக்கூட்டால ரெண்டு பேரும் முகம் முறிச்சுக்கொண்டு நிக்கிறியளாம்” என்றார் அம்மா. நான் 56ஐப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். “அதுக்கு ஏன் கண்ணாடி வைச்சுப் பார்க்கவேணும்? என்னட்டக் கேட்டிருக்கலாமே. எனக்குக் கலியாணம் முடிஞ்சு ரெண்டாம் வருசம் வந்த சாமான் அது.”

வெள்ளைக்காரர் மூட்டை கட்டிய நாட்களில் தளத்துச் சனம் சாமான் வாங்கியதாம். கட்டில், போர்வை, கோப்பை, பூட்ஸ். கணவர் ஒருநாள் பின்னேரம் ஒரு சைக்கிளில் வந்து இறங்கினாராம். கையில் இந்த மணிக்கூடு. கடைசியாகக் கிடைத்த காசு முழுவதையும் அதில் போட்டுவிட்டார் என்று மூன்று நாள் சண்டையாம். “வாங்கினவரோ, சைக்கிளோட சேர்த்து ஆரும் குடுத்தவையோ, எனக்குச் சொல்லேல்லை. ஆனா ஒளிச்சு வைச்சுக் கட்டேல்லை. அடுத்த நாளே கட்டிக்கொண்டு கோணேசர் கோவிலுக்குப் போனவர்.”

அம்புக்குறியை அவர் உரசி அழிக்க முயலவில்லை என்பதை நான் நினைத்துப் பார்த்தேன். அந்த முத்திரையை அழிப்பது குற்றம் என்று பிரித்தானியர் 1875இல் ஒரு சட்டமே போட்டார்கள், ஏனென்றால் களவெடுத்தவன் முதலில் செய்வது அதைத்தான். கோழிக்கால் இன்றைக்கும் புதிதாகக் குத்தியது போல இருக்கிறது. நீதிமன்றத்தில் இது சாட்சியாக நில்லாது. எனக்குப் போதும்.

“அப்ப 1942?” என்று கேட்டேன்.

“அதுவும் பொய்யில்லைத் தம்பி. அவருக்கு அப்ப பதின்மூண்டு வயசு. எண்ணெய்த் தாங்கி எரிஞ்சதைப் பார்த்தவர், கனநாள் புகைஞ்சதாம். பதுங்குகுழிக்குள்ள ஒரு வெள்ளைக்காரன் இருந்தது உண்மை. ஆர் ஆரை இழுத்ததெண்டு எனக்குத் தெரியாது. அவன் குடுத்தது ஒரு பிஸ்கட் ரின். அதுக்குள்ளதான் நான் தையல் சாமான் வைச்சிருந்தனான். வீட்டோட அதுவும் போச்சுது.”

தளம் மூடிய பிறகு அவரைக் குடியேற்றத்துக்குப் பெயர் பதியச் சொன்னார்களாம். பதிந்தார். அம்மாவின் தகப்பனார் வந்து கடுமையாகத் தடுத்ததால் போகவில்லை. பிறகு கடைத்தெருவில் சைக்கிள் திருத்தும் கடை போட்டார். அங்கே வருபவர்கள் கையைப் பார்த்து ‘ஏது இது?’ என்று கேட்பார்களாம். வேலை போன கதையை எத்தனை தரம் சொல்வது? நாளடைவில் பிஸ்கட் ரின்னின் கதை மணிக்கூட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மகன் பிறந்தபோது கதை முழுதாக இருந்தது. 4-62 என்ற கீறலைப் பற்றியும் கேட்டேன். கடைசிப் பெடியன் அதை வாளித் தண்ணீருக்குள் போட்டுவிட்டான் என்றும், திருத்தக் கொடுத்த காசுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கியிருக்கலாம் என்றும் சொன்னார். ஐம்பது வருடமாகியும் அந்த அரிசி அவருடைய கணக்கில் இருந்தது!

நண்பர் வேலையால் வந்தார். என்னைக் கண்டுவிட்டு வாசலிலேயே நின்றார். அம்மா அவரைக் கூப்பிட்டு இருத்தி, நான் இருக்கும்போதே எல்லாவற்றையும் திரும்பவும் சொன்னார். குடியேற்றப் பட்டியலில் தகப்பனாரின் பெயர் இருந்ததை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். மணிக்கூட்டைக் கையில் எடுத்து, பின்மூடியைத் திருப்பி, அந்த 56ஐ விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

விற்பதில்லை என்று முடிவானது. ஆனால் மணிக்கூட்டோடு ஒரு கடிதம் இருக்கத்தான் வேண்டும் என்று பேரன் சொன்னான், இனிக் கட்டப்போவது அவன்தானே. கொப்பித்தாள் ஒன்றை எடுத்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல எழுதினான். செய்தது: லெமானியா, சுவிஸ். சொந்தக்காரர்: பிரித்தானிய விமானப்படை, 1956. கைக்கு வந்தது: சீனன்குடா, 1957, தளம் மூடிய காலம். கட்டியிருந்தவர்: அப்பப்பா. 1985இல் அப்பாவோடு ஜேர்மனிக்கு வந்தது.

“வாசி பார்ப்பம்” என்றார் அம்மா. வாசித்தான்.

“சைக்கிளை விட்டிட்டாய்” என்றார். “றலி. பச்சை நிறம். அதையும் எழுது.”